பிழையே இல்லாத இடத்தில் ஒரு திருத்தம்

அந்த நிறுவனத்தின் வாசலில், உள்ளே வருகிறவர் நெற்றியில் இடிக்கும் உயரத்தில் ஒரு பலகை தொங்கியது. ‘எங்கள் கர்னலில் பிழை இல்லை’ என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நெற்றி வீங்கிய ஒருவர், பலகையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டக் கூடாதா என்று எழுதிக் கேட்டார். பலகையின் உயரத்தில் பிழை இல்லை என்று அவருக்குப் பதில் வந்தது. அவர் இன்றைக்கும் குனிந்துதான் உள்ளே போகிறார்.

கர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற நிரல். மேலே எத்தனை ஜோடனை இருந்தாலும் அது படுத்துவிட்டால் எல்லாம் படுத்துவிடும். இந்த நிறுவனத்தின் கர்னல் தொலைபேசி நிலையங்களில் ஓடியது. ஊரில் யாருக்கு மூச்சு முட்டினாலும் கூப்பிடுகிற ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்திலும் ஓடியது. அதை எழுதுவதற்கும் காப்பதற்கும் ஏற்பட்ட நிறுவனத்தில் எழுதுகிறவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடலாம். மற்ற மூன்று மாடியிலும் இருந்தவர்கள் காப்பவர்கள்.

நம் ஆள் எழுதுகிறவன். கர்னலில் நெட்வொர்க் பகுதி அவன் பொறுப்பு. அதனால் அலுவலகத்தில் அவனுக்கு ‘நெட்வொர்க்’ என்றே பெயராகிவிட்டது. ‘என்ன நெட்வொர்க், முகம் வாடியிருக்கு?’ என்று கேட்பார்கள். பதில் சொல்வதற்குள் போய்விடுவார்கள்.

முகம் வாடியிருந்ததற்குக் காரணம் அவன் அக்கா. அவள் அந்த ஆம்புலன்ஸ் மையத்தில் அழைப்பு எடுப்பவள். அக்காவும் தம்பியும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். காலையில் ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள். அவள் முதலில் இறங்குவாள். இப்போது அவன் மட்டும்தான் பஸ் ஏறுகிறான். அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். ஒரு மனிதர் கூப்பிட்டார், மனைவிக்கு நெஞ்சு வலி என்றார். அக்கா முகவரி கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது. அவர் திரும்பக் கூப்பிட்டு, வேறொருவர் எடுத்து, முதலிலிருந்து எல்லாம் கேட்டு, வண்டி போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா உயிரோடு இல்லை.

மையத்தின் திரையில் ஓர் அழைப்பு முடிந்தால் அதற்குக் காரணமும் வரும். காரணங்கள் இரண்டுதான்: ‘அழைத்தவர் முடித்தார்’, ‘எடுத்தவர் முடித்தார்’. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று அந்தத் திரையை வரைந்த புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. அன்றைக்குத் திரையில் வந்தது ‘எடுத்தவர் முடித்தார்’.

“நான் கட் பண்ணலடா,” என்றாள் அக்கா. சமையலறை வாசலில் கைப்பிடித் துணியை முறுக்கிக்கொண்டே நின்றாள். “அந்தாளு தெருப் பேரு சொல்லிட்டிருந்தாரு. பாதிப் பேரு காதுல விழுந்துச்சு. அப்புறம் சத்தமே இல்ல. நான் ஹலோ ஹலோன்னு கத்திட்டே இருந்தேன்.”

“வேற யாருக்காவது இப்படி ஆயிருக்கா?”

“எல்லாருக்கும் ஆகுது. பெரிய மழை, பெரிய விபத்துன்னு கூட்டமா கூப்பிடறப்பதான். யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. திறந்தா, நீதான் கட் பண்ணியான்னு கேப்பாங்கல்ல.”

கூட்டமாகக் கூப்பிடும்போது என்ற சொல் அவன் காதில் முள்ளாய்த் தைத்தது. மறுநாள் காலையில் போய் உட்கார்ந்தவன், தன் பகுதி நிரலை வரி வரியாகப் புரட்டினான். வார முடிவில் அது அகப்பட்டது.

என்ன அகப்பட்டது என்று புரிய, அந்த நிறுவனத்தின் ஆலோசனை அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த அறைக்கு எதிரெதிராக இரண்டு கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் வெளியே ஓர் எண் பலகை. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். உள்ளே போகிறவர் பொத்தானை அழுத்தி எண்ணை ஒன்று ஏற்ற வேண்டும், வெளியே வருகிறவர் ஒன்று இறக்க வேண்டும். பலகை பூஜ்யம் காட்டினால் உதவியாளர் வந்து விளக்கை அணைத்து, ஏசியை நிறுத்தி, நாற்காலிகளை அடுத்த கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். உள்ளே எட்டிப் பார்க்க அவருக்கு அதிகாரமில்லை. பலகையைப் பார்ப்பதே அவர் வேலை.

கர்னலுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு தொலைபேசி இணைப்பும் ஓர் அறை. அதைப் பிடித்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஓர் எண்ணிக்கை. தொழிலில் அதற்கு ரெஃபரன்ஸ் கவுன்ட் என்று பெயர். எண்ணிக்கை பூஜ்யமானால் அறையை இடித்து இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். இப்போது ஒருவன் வாசலுக்கு வருகிறான், பலகையில் ஒன்று என்று பார்க்கிறான், சரி, உள்ளே ஆள் இருக்கிறது என்று பொத்தானுக்குக் கையை நீட்டுகிறான். அந்தக் கண நேரத்தில் உள்ளே இருந்தவன் எதிர்க் கதவு வழியாக வெளியேறி எண்ணை இறக்கிவிட்டுப் போகிறான். இவன் உள்ளே காலை வைக்கும்போது அங்கே அறையே இல்லை. அப்படித்தான் பேசிக்கொண்டிருந்த அழைப்பு பாதித் தெருப் பெயரோடு காணாமல் போயிற்று. யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்த கோளாறு என்பதால் இதை ரேஸ் என்பார்கள். கூட்டம் குறைவாக இருந்தால் வராது. கூட்டம் நெரிந்தால்தான் வரும்.

திருத்தம் ஒரே வரி. எண்ணைப் பார்ப்பதையும் ஏற்றுவதையும் ஒரே அசைவில் செய். பூஜ்யமாகிவிட்டிருந்தால் உள்ளே போகாதே. அவ்வளவுதான்.

பழைய வரியை எழுதியவர் யார் என்று நிரலிலேயே குறித்திருக்கும். பார்த்தான். எழுதியிருந்தது கூட்டாளி.

கூட்டாளி என்றால் நிஜமாகவே கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே மேஜையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள். அக்கா தம்பிக்குக் கட்டிக் கொடுக்கிற மதியச் சாப்பாட்டில் கூட்டாளிக்கும் ஒரு பங்கு உண்டு. ‘அக்கா கை யாருக்கு வரும்’ என்று சொல்லிச் சொல்லியே டப்பாவை வழித்துவிடுவான். பிறகு அவனுக்கு எழுதுகிற கை மெலிந்து பேசுகிற வாய் வளர்ந்தது. அதைக் கண்டுகொண்ட நிறுவனம் அவனை மேல்மாடிக்கு ஏற்றி, திருத்தங்களை ஏற்கும் பொறுப்பைக் கொடுத்தது. இப்போதும் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வருவான்.

நண்பனின் தலை உருளக் கூடாது என்று நம் ஆள், பிழையான வரியை எழுதியது யார் என்பதைத் தன் குறிப்பில் சொல்லவில்லை. ‘நெட்வொர்க் இணைப்பு எண்ணிக்கையில் பிழை; அதற்கான திருத்தம்’ என்று மட்டும் எழுதி மேலே அனுப்பினான். மையத்தில் அக்கா மேல் நடக்கவிருந்த விசாரணைக்கு இன்னும் நாள் இருந்தது. நிறுவனம் ‘ஆம், பிழை இருந்தது, திருத்திவிட்டோம்’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அக்கா காலை பஸ்ஸில் மறுபடி அவன் பக்கத்தில் உட்காருவாள்.

முதலில் கூப்பிட்டவர் காலியிட ஆய்வாளர். நிரலில் எழுத்து இல்லாத இடங்களை மட்டும் பார்வையிடுகிற பதவி அது. அம்மையாருக்குத் தனி அறை, அதில் நிறைய காலியிடம்.

“உங்க வரியில என்ன எழுதியிருக்குன்னு நான் பாக்கறதில்லைங்க,” என்றார். “எழுதாத இடத்த மட்டும்தான் பாப்பேன். வரி முடிஞ்சப்புறம் ஒரு இடம் காலியா விட்டிருக்கீங்க. ஏன்?”

“தெரியாம விழுந்திருக்கும் மேடம்.”

“தெரியாம ஒரு காலியிடம் விழுந்தா, தெரியாம இன்னும் என்னெல்லாம் விழும்?”

“ஆம்புலன்ஸ் கால் விழுது மேடம். அதுக்குத்தான் இந்தத் திருத்தம்.”

“அது எழுத்துல வர்ற விஷயம். என் துறை இல்லீங்க,” என்று சொல்லி, திருத்தத்தைத் திருப்பி அனுப்பினார்.

காலியிடத்தைத் துடைத்து எடுத்து மறுபடி அனுப்பினான். இந்த முறை, எந்தச் சொல்லை வழங்கலாம் என்று தீர்மானிக்கும் சொற்குழுவிலிருந்து திரும்பி வந்தது. ‘பிழை’ என்ற சொல் நிறுவனத்தின் வாசல் பலகையில் ‘இல்லை’ என்ற சொல்லோடு சேர்ந்து மட்டுமே வழங்கலாம், தனியாக வழங்கலாகாது என்றிருந்தது. ‘கோளாறு’ என்று மாற்றினான், திரும்பியது. ‘குறை’ என்று மாற்றினான், திரும்பியது. வெறுத்துப்போய் ‘சிறு தவறு’ என்று எழுதினான். ‘சிறு என்பது ஏற்கத்தக்கது’ என்ற குறிப்போடு அதுவும் திரும்பியது.

கடைசியில் நிறுவனத் தலைவரே ஒரு செயல்முறைக் காட்சிக்கு ஏற்பாடு செய்தார். பிழை என்று ஒன்று இருக்குமானால் அது அதிகாரிகள் மன்றத்தின் முன்னால் வந்து நிற்கட்டும் என்றார். ஆலோசனை அறையில் அத்தனை அதிகாரிகளும் கூடினார்கள். ஒவ்வொருவரும் உள்ளே வரும்போது பொத்தானை அழுத்தியதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்த சர்வரையே கொண்டுவந்து வைத்து, அதன் மேல் பொய் அழைப்புகளைக் கொட்டினான் நம் ஆள். மன்றம் ஒன்றையும் தவறவிடக் கூடாதென்று, கர்னலின் ஒவ்வொரு அடியையும் திரையில் எழுதிக் காட்டும் கண்காணிப்பு நிரலையும் ஓட்டச் சொன்னார்கள்.

“சார், அத ஓட்டினா எல்லாம் மெதுவாயிடும். நெரிசல் இருக்காது. ரேஸ் வராது,” என்று கையைப் பிசைந்தான்.

“கண்காணிக்காம ஒண்ண எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?” என்றார் தலைவர்.

கண்காணித்தார்கள். ஒன்றும் வரவில்லை. காபி வந்தது. காபி ஆறியது. அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போவதுபோல ஒழுங்காகப் போயின.

தலைவர் எழுந்து பேசினார். “பாருங்க, நாம பாக்கறப்போ எல்லாம் ஒழுங்கா இருக்கு. நாம பாக்காதப்போ ஏதோ நடக்குதுன்னு இந்தத் தம்பி சொல்றாரு. பாக்காதப்போ நடக்கறத நாம எப்படிப் பாக்க முடியும்? பாக்காத விஷயத்தப் பத்திப் பேசினா அதுக்குப் பேரு வதந்தி. இத்தன வருஷமா இந்தக் கர்னல நான் காப்பாத்திட்டு வர்றேன். ஒரு நாளாவது அதத் திறந்து பாத்திருப்பேனா? அந்த நம்பிக்கைதாங்க நிறுவனம்.”

கைதட்டினார்கள். கண்காணிப்பை நிறுத்திவிட்டு எல்லோரும் எழுந்தார்கள். தலைவர், மதியம் வரத் தாமதமாகும் என்று சொல்ல மேஜைத் தொலைபேசியில் வீட்டைக் கூப்பிட்டார். அலுவலகத் தொலைபேசியும் அதே சர்வர் வழியாகத்தான் போகிறது. அதன் மேல் பொய் அழைப்புகள் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தன. இரண்டு வார்த்தை பேசியிருப்பார், இணைப்பு அறுந்தது.

“சார், இதுதான் சார்! இதேதான்!” என்று துள்ளினான் நம் ஆள்.

தலைவர் ரிசீவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் சுருங்கியது. “வெச்சுட்டா,” என்றார் மெதுவாக. “காலையில இருந்தே கோவமாத்தான் இருந்தா.”

கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், ‘பிழை ஏதும் தென்படவில்லை, தலைவர் இல்லத்தில் கோபம்’ என்று பதிவு செய்தார்கள். தலைவரின் மனைவி எத்தனை சத்தியம் செய்தும் அவர் இன்றுவரை நம்பவில்லை என்று கேள்வி.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நம் ஆள் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான். கூட்டாளி வந்து எதிரில் உட்கார்ந்து, தானே திறந்துகொண்டான்.

“இவங்க கிட்டப் போய் பிழை பிழைன்னு கத்தினா யாருக்குடா காது கேக்கும்?” என்றான். “வழி தெரியாம முட்டிக்கிற. அழகுன்னு சொல்லு.”

“என்ன அழகு?”

“அழகுத் திருத்தம்னு ஒரு வழி இருக்கு. நிரல் பாக்க லட்சணமா இருக்கணும்னு மாத்தறது. அதுக்கு மன்றம் வேணாம், சொற்குழு வேணாம், ஒண்ணும் வேணாம். நான் ஒருத்தன் ஏத்துக்கிட்டாப் போதும். உன் வரி அப்படியே உள்ள போயிடும். மேல இருக்கிற குறிப்பு மட்டும்தான் வேற.”

“அப்ப அக்காவுக்கு? பிழை இருந்துச்சுன்னு யாராவது சொல்லணுமேடா.”

கூட்டாளி கையைத் துடைத்துக்கொண்டு அவன் தோளைப் பிடித்தான். “விசாரணைக்கு நான் வர்றேன். நானே வந்து பேசறேன். அந்த வரி யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியாதா? நீ குறிப்புல என் பேரப் போடல. அத நான் மறப்பேனாடா? அக்கா கையால சாப்பிட்டவன்டா நான்.”

நம் ஆளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பெரிய கட்டடத்தில் தனக்கென்று ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பே அவனுக்குப் பாதி வயிற்றை நிரப்பிவிட்டது. மீதியைக் கூட்டாளி சாப்பிட்டிருந்தான்.

சாயங்காலமே ஏற்பாடு முடிந்தது. குறிப்பில் ‘நெட்வொர்க் பகுதியில் ஒரு வரி அழகுபடுத்தப்பட்டது’ என்று எழுதினார்கள். அதன் அடியில், அழகுத் திருத்தங்களுக்கே உரிய ஓர் உறுதிமொழி. ‘இத்திருத்தத்துக்கு முன் இந்நிரலில் பிழை ஏதும் இருக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்.’ எழுதியவன் கையெழுத்திட வேண்டும்.

“இது எதுக்கு?” என்று கேட்டான்.

“சும்மா ஒரு சம்பிரதாயம். எல்லாரும் போடறதுதான்,” என்றான் கூட்டாளி லிஃப்ட்டுக்கு நின்றுகொண்டே. லிஃப்ட் வருவதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது.

திருத்தம் கர்னலுக்குள் போயிற்று. அந்த வாரமே ஆம்புலன்ஸ் மையத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பெரிய மழை ஒன்று வந்தது, ஊரே கூப்பிட்டது, ஓர் அழைப்புகூட அறுந்து போகவில்லை. அவன் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம் அது. அக்காவிடம் மட்டும் ஓடிப்போய்ச் சொன்னான்.

“நின்னுடுச்சா? நிஜமாவா?” அக்கா அவன் கன்னத்தைத் தட்டினாள். “அந்தப் பையனும் வர்றேன்னு சொல்லியிருக்கான்ல? நல்லா இருக்கட்டும். நாளைக்கு அவனுக்குச் சேத்தே கட்டறேன்.”

நிறுவனத்தில் விழா வைத்தார்கள். ஆண்டின் சிறந்த அழகுத் திருத்தம் என்று நம் ஆளின் வரியைத் தேர்ந்தெடுத்து, அதை ஏற்றுக்கொண்ட கூட்டாளிக்கு மாலை போட்டார்கள். எழுதியவனுக்குப் பின் வரிசையில் நாற்காலி கிடைத்தது. தலைவர் பேசும்போது தழுதழுத்தார். “பிழை இருக்கிற இடத்துல யார் வேணும்னாலும் திருத்தலாம். பிழையே இல்லாத இடத்துல ஒருத்தன் திருத்தறான் பாருங்க, அவன்தாங்க கலைஞன்!” கூட்டாளி மாலையோடு கைகூப்பினான். பின் வரிசைப் பக்கம் அவன் பார்க்கவில்லை. வெளிச்சம் கண்ணில் அடித்திருக்கும் என்று நம் ஆள் நினைத்துக்கொண்டான்.

அதன் பிறகு கூட்டாளி சாப்பாட்டுக்குக் கீழே வரவில்லை. சேர்த்துக் கட்டிய டப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. போன் செய்தால் கூட்டத்தில் இருந்தான். விசாரணைக்கு முதல் நாள் ஒருவழியாகக் கிடைத்தான். “தலைவர்கிட்ட அக்கா விஷயமாத்தான்டா பேசப்போறேன். ஆலோசனை ரூம்ல இருக்கேன், நீயும் வந்துடு. சேந்தே பேசுவோம்,” என்றான்.

நம் ஆள் படியேறி ஓடினான். கதவுக்கு வெளியே பலகை ‘ஒன்று’ என்று காட்டியது. அப்பாடா, உள்ளே இருக்கிறான் என்று பொத்தானுக்குக் கையை நீட்டிக்கொண்டே கதவைத் தள்ளினான். உள்ளே ஒரே இருட்டு. எதிர்க் கதவு அப்போதுதான் சாத்திக்கொண்டது. உதவியாளர் கடைசி நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

“இங்க ஒருத்தர் இருந்தாரே?” என்று கேட்டான்.

“பூஜ்யம் ஆயிடுச்சுங்க,” என்றார் அவர்.

ஊரில் உள்ள கர்னலுக்கெல்லாம் இந்தக் கோளாறைத் திருத்தியவன், அந்த வெற்று அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதும் நாளைக்கு வருவான், எப்படியும் வருவான் என்றுதான் நினைத்தான். சில பேருடைய மனதுக்குத் திருத்தம் போட முடியாது.

மறுநாள் கூட்டாளி வந்தான். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, விசாரணை அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில், நிறுவனத்தின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது. “சாப்பிட்டியாப்பா?” என்று வாயசைத்தாள். அவன் காகிதங்களைப் புரட்டினான்.

இறந்துபோன அம்மாவின் கணவரும் வந்திருந்தார். “நான் வெக்கலைங்க. அந்தம்மா நல்லாத்தான் கேட்டுட்டிருந்தாங்க. திடீர்னு நின்னுச்சு,” என்று அவருக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி கூட்டாளியைப் பார்த்தார். “கர்னல்ல ஏதாவது பிழை இருந்துச்சுங்களா?”

“இல்ல சார்,” என்றான் கூட்டாளி. குரல் பிசிறடிக்கவில்லை. “எங்க கர்னல்ல பிழை கிடையாது. அந்தப் பகுதிய எழுதிப் பராமரிக்கிறவரே போன மாசம் எழுத்துல உறுதி கொடுத்திருக்கார். இதோ அவர் கையெழுத்து. அவர் வேற யாருமில்ல, இவங்க கூடப் பிறந்த தம்பிதான். அக்காவுக்கு எதிரா பொய் சொல்ல அவருக்கு என்ன சார் அவசியம்?”

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

“அது அழகுன்னு போட்டாதான் உள்ள போகும்னு இவன்தான் சார் சொன்னான்!” என்று எழுந்து கத்தினான் நம் ஆள். “பிழை இருந்துச்சு சார். அந்தப் பழைய வரிய எழுதினதே இவன்தான். நான் திருத்தினப்புறம் ஒரு கால்கூடக் கட் ஆகல. கேட்டுப் பாருங்க!”

“கேட்டுட்டோம்ப்பா,” என்றார் அதிகாரி. கருணையான மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். “நீ சொல்றது சரிதான். போன மாசத்துல இருந்து ஒரு கால்கூடக் கட் ஆகல. இவ்வளவு பெரிய மழையிலகூட ஆகல. ஆனா போன மாசம் என்ன நடந்துச்சு? மெஷின்ல ஒண்ணும் மாறல. ஏதோ அழகு பண்ணியிருக்கீங்க. அழகு பண்ணினா கால் கட் ஆகறது நிக்குமா? மாறினது ஒண்ணே ஒண்ணுதான். உங்க அக்காவ வீட்டுல உக்கார வெச்சோம். கட் ஆகறது நின்னுடுச்சு.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “கூப்பிட்டவர் வெக்கலைங்கறார். மெஷின் வெக்கலைன்னு கம்பெனி சொல்லுது, நீயே கையெழுத்துப் போட்டிருக்க. மிச்சம் யாருப்பா?”

 கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. இறந்த அம்மாவின் கணவர் தலையை நிமிர்த்தி, முதல் தடவையாக அக்காவை வேறு மாதிரிப் பார்த்தார். தன்னை வேலையிலிருந்து நீக்கிய வாசகத்தைப் படித்துக் காட்டியபோதுகூட அக்கா அழவில்லை. அந்தப் பார்வைக்குத்தான் அழுதாள்.

படிக்கட்டில் கூட்டாளியைப் பிடித்துச் சட்டையைப் பற்றினான் நம் ஆள். “ஏன்டா? என்னடா பண்ணினோம் உனக்கு?”

கூட்டாளிக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. “என்னடா இப்படிப் பேசற? விசாரணைக்கு வர்றேன்னு சொன்னேன், வந்தேனா இல்லையா? நானே பேசறேன்னு சொன்னேன், பேசினேனா இல்லையா?” சட்டையைச் சரி செய்துகொண்டான். “என் பேர வெளிய சொல்ல மாட்டன்னு நம்பினேன்டா. எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சுட்ட. துரோகம்னா அதுதான்டா துரோகம்.” விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டான். கீழே நிறுவனத்தின் கார் அவனுக்காகக் காத்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.  வெளியே சைரனோடு ஓர் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் போயிற்று. அது மறைகிறவரை அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அந்த வரிய எடுத்துட்டா மறுபடி கட் ஆகுமாடா?” என்று கேட்டாள்.

“ஆகும்க்கா.”

“நான் அங்க இல்லாதப்பவே கட் ஆனா, நான் பண்ணலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ல?”

“தெரிஞ்சிடும்.”

“அந்தாளுக்கும் தெரிஞ்சிடும்.”

“தெரிஞ்சிடும்க்கா.”

“எடுப்பியா?”

எடுப்பது ஒரு நிமிட வேலை. எடுத்தால் அடுத்த மழையில் யாரோ ஒருவர் பாதித் தெருப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பார். எடுக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவள் சாகிறவரை ஓர் உயிரைக் கொன்றவள்.  ஒரு நிறுத்தம் போயிற்று. இன்னொரு நிறுத்தமும் போயிற்று. அவன் யோசித்துக்கொண்டே இருந்தான்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர்கள் இறங்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை.

“கையெழுத்துப் போடறப்ப இவ்வளவு நேரம் யோசிச்சியாடா?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.